மினுமினுப்பைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் செடி தேடி அலையும் பிள்ளைகளுக்கும், அவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும்,

ஐப்பசி மழை பிடித்ததும் உங்கள் படங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. காரியாபட்டியிலிருந்து ஒன்று, நரிக்குடிப் பக்கம் ஏதோ கண்மாய்க்கரையிலிருந்து ஒன்று, குண்டாற்றுப் படுகையிலிருந்து இன்னொன்று. கேள்வி மட்டும் ஒன்றேதான்: "ஐயா, இது டிரோசீராவா? அப்படியானால் எந்த டிரோசீரா?" தனித்தனியாகப் பதில் எழுதிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் எல்லாருக்கும் பொதுவாக இந்த மடல்.

படங்கள் அழகாக இருக்கின்றன. சிக்கலே அதுதான். காலை வெயிலில், செடிக்கு நேர் மேலே செல்பேசியைப் பிடித்து, சிவப்பு மயிர் நுனியில் துளி மின்னுவதை மட்டும் எடுத்து அனுப்புகிறீர்கள். அந்த மினுமினுப்பு உலகத்திலுள்ள எல்லா டிரோசீராவுக்கும் பொதுச் சொத்து. இருநூறுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. அத்தனையும் இலையில் சுரப்பி மயிர் வைத்து, நுனியில் பசைத்துளி காட்டித்தான் பூச்சி பிடிக்கின்றன. குடும்பத்தில் எல்லாருக்கும் இருக்கிற மூக்கை வைத்து அண்ணனா தம்பியா என்று எப்படிச் சொல்வது? நிறமும் உதவாது. ஒரே விதையில் வந்த செடி நிழலில் பச்சையாக இருக்கும், வெட்டவெளியில் இரத்தச் சிவப்பாக இருக்கும். உயரமும் அப்படியே. ஈரம் நின்றால் நீளும், நிற்காவிட்டால் விரலளவில் பூத்துக் காய்த்து முடித்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால், வருகிற படங்களில் பாதி டிரோசீராவே இல்லை. மார்கழிக் காலையில் எதன் மேலும் பனித்துளி உட்காரும். அருகம்புல் நுனியில் உட்காரும், சிலந்தி வலையில் உட்காரும், எந்த ரோமச் செடியிலும் உட்காரும். இதைப் பிரிக்க லென்சு கூட வேண்டாம். பதினொரு மணிக்கு அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள். பனித்துளியானால் காணாமல் போயிருக்கும். டிரோசீராவின் துளி வெயில் ஏறியும் அப்படியே நிற்கும். ஒரு ஈர்க்குச்சி நுனியால் தொட்டு மெல்ல இழுத்தால் வெல்லப்பாகு மாதிரி நூலாக வரும். பனி நூலாக வராது.

அப்புறம் நம் தரிசிலேயே ஒட்டுகிற செடிகள் ஏராளம். மஞ்சள் பூப் பூக்கும் நாய்வேளையைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும், நாற்றமும் வரும். கொடிவேலியின் வெள்ளைப் பூவுக்கு அடியிலிருக்கும் புல்லிவட்டம் முழுக்கச் சுரப்பி மயிர். கொசு, எறும்பு செத்து ஒட்டியிருப்பதை எளிதாகப் பார்க்கலாம். மூக்கிரட்டையின் காய் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். இவையெல்லாம் ஒட்டும், அவ்வளவுதான். ஒட்டுவதும் தின்பதும் வேறு. பிடித்ததைச் சுரப்பு நீரால் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொண்டால்தான் அது பூச்சி தின்னும் செடி.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒன்றும் நம் வேலியோரத்தில் இருக்கிறது. சிறுபூனைக்காலி. ஆரஞ்சு மஞ்சளாகப் பழுக்கும் அதன் பழத்தைச் சுற்றி வலைப்பின்னல் மாதிரி ஒரு பூவடிச் செதில் இருக்குமே, அதன் நுனிகளில் பசைச்சுரப்பிகள். பூவையும் காயையும் கடிக்க வரும் பூச்சி அதில் மாட்டும். 1995-ல் நம் நாட்டு ஆய்வாளர்கள் அந்தச் சுரப்பில் புரதத்தைக் கரைக்கும் நொதி இருப்பதைக் காட்டி, அது காவலும் இரையும் சேர்ந்த வேலையாக இருக்கலாம் என்று எழுதினார்கள். டிரோசீரா கிடைக்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் அதை உட்கார்ந்து பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில், வருடம் பூராவும் கிடைக்கிறது. அதை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலும் உண்டு.

சரி, டிரோசீராவுக்கு வருவோம். பெயர் வைப்பதற்கு இலையைவிட முன்னால் பார்க்க வேண்டியது மண். இதை நான் அழுத்திச் சொல்வேன். நம் வட்டாரத்தில் பாதிக்கு மேல் கரிசல். கரிசல் சுண்ணாம்பு கலந்த மண், காரத்தன்மை கொண்டது. பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுவதை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். மழையில் பிசைந்த மாவாகவும், கோடையில் பாளம் பாளமாக வெடித்தும் கிடக்கிற அந்த மண் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் குதிரைவாலிக்கும் உகந்தது. டிரோசீராவுக்கு ஆகாது. அது கேட்பது நேர்மாறான நிலம்: சத்தில்லாத, சற்றுப் புளிப்புத்தன்மை கொண்ட மணல் அல்லது சரளை, மேலே மரநிழல் இல்லாத வெட்டவெளி, மழைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் ஊற்றுக்கசிவு இருக்கும் சரிவு. தழைச்சத்து மண்ணில் கிடைக்காததால்தான் அது கொசுவிடம் வாங்கிக்கொள்கிறது. யூரியா போட்ட வயலில் அதைத் தேடிப் பயனில்லை; உரம் கண்ட இடத்தில் புல் உயர்ந்து அதை மூடிவிடும்.

ஆகவே கரிசல் காட்டுக்கு நடுவில் நின்று எடுத்த படத்தை அனுப்பி "டிரோசீரா" என்றால் நான் செடியைப் பார்க்கும் முன்பே சந்தேகப்படுவேன். செம்மண் திட்டு, கண்மாயின் மேல்புறத்துச் சரளைச் சரிவு, பாறைப் பொடவில் மழைநீர் கசியும் மணல் மெத்தை, இந்த மாதிரி இடமானால் உட்கார்ந்து பார்ப்பேன். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்புறாங்கல் மேடுகள் இந்தச் செடிக்குப் பிடித்த வகை நிலம். பேருந்து ஏறினால் போய்விடலாம். சீமைக்கருவேல் அடைத்த கரையில் நேரத்தைப் போக்காதீர்கள். அதன் நிழலிலும் சருகிலும் இந்தக் குட்டிச் செடி பிழைக்காது.

மண் ஒத்துவந்தால் அடுத்த வேலை சுலபம். இந்தியாவில் இயற்கையாக வளரும் டிரோசீரா மூன்றே மூன்று என்றுதான் நம் தாவர நூல்கள் காலங்காலமாகச் சொல்லி வருகின்றன: இண்டிகா, பர்மானி, பெல்டேட்டா. இந்த மூன்றும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இதில் பெல்டேட்டா மலைக்காரன். நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளியில், குளிரில் வளர்வது. மெல்லிய தண்டு நிமிர்ந்து நிற்கும்; ஒவ்வொரு இலையும் நூல் போன்ற காம்பின் நுனியில் பிறை வடிவக் கிண்ணமாகத் தொங்கும்; காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் முதுகில் சேரும். மண்ணுக்குள் பயறளவு கிழங்கு ஒன்று இருக்கும். வறட்சியில் மேலே எல்லாம் காய்ந்து போனாலும் கிழங்கு படுத்திருந்து அடுத்த மழைக்கு எழுந்துவிடும். நம் நாட்டுச் செடியை இப்போது பலர் லூனேட்டா என்று தனிச் சிற்றினமாகவே எழுதுகிறார்கள். 2012-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்தக் கூட்டத்தையே அலசிப் பிரித்தபோது அந்தப் பெயர் வலுவாயிற்று. பழைய நூலில் பெல்டேட்டா, புதிய கட்டுரையில் லூனேட்டா என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். கொடைக்கானல் புல்வெளியில் நிற்பது அதே செடிதான். எதுவானாலும் அருப்புக்கோட்டை வெயிலில் அது நிற்காது. கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

மீதி இரண்டு. சமவெளிக்காரர்கள். இரண்டுமே மழை முடிந்து முளைத்து, மார்கழி தையில் பூத்து, பங்குனி வெயிலுக்கு முன் விதை சிந்திச் சாகிற ஓராண்டுச் செடிகள். ஒரே சரிவில் பக்கத்துப் பக்கத்தில் வளரவும் செய்யும்.

வளர்ந்த செடியில் குழப்பமே வராது. பர்மானி தரையோடு தரையாக, ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிதாக வட்டமாகப் படுத்திருக்கும். இலை ஆப்பு வடிவம்: அடியில் குறுகி நுனியில் அகன்று. நடுவிலிருந்து பசையோ மயிரோ இல்லாத வழவழப்பான ஒரு பூந்தண்டு நேராக எழும்பும், வெள்ளைப் பூ. இண்டிகாவோ தண்டு விட்டு எழும்பும் செடி. இலை ஊசி மாதிரி நீளம், பத்து சென்டிமீட்டர் வரை போகும். குருத்து நுனி கடிகார ஸ்பிரிங் போல உள்சுருண்டு அவிழும். தண்டு, பூங்காம்பு எல்லாவற்றிலும் சுரப்பி மயிர். பூ பெரும்பாலும் ரோஸ், சில இடங்களில் வெள்ளை. வளர வளரத் தன் பாரம் தாங்காமல் சாய்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்து நிற்கும்.

நீங்கள் மாட்டிக்கொள்வது இரண்டு சமயங்களில். ஒன்று, நாற்றுப் பருவம். இண்டிகாவின் கன்று தண்டு விடுவதற்கு முன் தரையில் கொத்தாக இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் பர்மானி போலவே தெரியும். இன்னொன்று, காய்ந்துபோன பங்குனிச் செடி; துளியுமில்லை, நிறமுமில்லை, சுருங்கிய குச்சி மட்டும்.

நாற்றைப் பிரிக்க ஒரு கைலென்சு போதும், பத்து மடங்கு பெரிதாக்குவது. முழங்காலிட்டு, சொல்லப்போனால் வயிற்றில் படுத்து, இலை தண்டோடு சேரும் அடியைப் பாருங்கள். பர்மானியானால் இலைக்காம்பின் அடியில் வெங்காயத் தோல் போன்ற மெல்லிய, நிறமற்ற ஒரு சவ்வு, ஓரம் கிழிந்த மாதிரி பல இழைகளாகப் பிரிந்திருக்கும். அதுதான் இலையடிச் செதில். நடுக்குருத்தைச் சுற்றி இந்தச் செதில்கள் நெருங்கி நிற்பதால் வட்டத்தின் மையம் வெளுத்த பஞ்சு மாதிரி தெரியும். இண்டிகாவுக்கு இலையடிச் செதிலே கிடையாது. அடி மொட்டையாக இருக்கும். ஒரு இலை மட்டும் இருக்கிற கன்றில்கூட இதைப் பார்த்துவிடலாம். படம் எடுத்தால் இந்த இடத்தை எடுங்கள்.

பூவிருந்தால் இன்னும் உறுதி. ஆனால் பூ பார்க்கக் காலையில் போக வேண்டும். வெயில் ஏறினால் இதழ் சுருண்டுவிடும், பிறகு திறக்காது. இரண்டிலும் இதழ் ஐந்து, மகரந்தத்தாள் ஐந்து, அதை எண்ணிப் பயனில்லை. நடுவில் சூலகத்தண்டை எண்ணுங்கள். பர்மானிக்கு ஐந்து, எப்போதாவது ஆறு. ஒவ்வொன்றும் பிளவுபடாத ஒற்றை இழை. இண்டிகாவுக்கு மூன்று, ஒவ்வொன்றும் அடியிலேயே இரண்டாகப் பிளந்திருக்கும், அவசரத்தில் பார்த்தால் ஆறு என்று எண்ணிவிடுவீர்கள். அடி எங்கே சேர்கிறது என்று பாருங்கள். இந்தக் கணக்கு காயிலும் தொடரும். பர்மானியின் காய் வெடிக்கும்போது ஐந்து பிளவாகத் திறக்கும், இண்டிகாவின் காய் மூன்றாக. ஆகவே பங்குனியில் செத்த குச்சியைக் கண்டாலும், அதன் மேல் ஒரு வெடித்த காய் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும்.

காய்ந்த பர்மானிக்கு இன்னொரு போலியும் இருக்கிறது. மொல்லுகோ நூடிகாலிஸ் என்று ஒரு செடி. செம்மண் தரிசில் சர்வசாதாரணம். அதுவும் தரையில் வட்டமாகக் கரண்டி இலை விரித்து, இலையில்லாத மெல்லிய தண்டில் பூ விடும். பூவில்லாத நாளில் தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாந்துவிடலாம். இலையைத் தடவிப் பாருங்கள். சுரப்பி மயிர் ஒன்றுகூட இருக்காது. பூந்தண்டும் கிளை கிளையாகப் பிரியும். பர்மானியின் தண்டு கிளைக்காது.

இன்னொரு வேறுபாட்டை நேரில்தான் பார்க்க முடியும், படத்தில் வராது. பர்மானியின் இலை ஓரத்தில் சில மயிர்கள் மற்றவற்றைவிட நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். ஓர் எறும்பு தடுக்கி விழுந்தால் அந்த ஓரமயிர்கள் கண்ணெதிரே, சில வினாடியில் உள்பக்கம் மடங்கி எறும்பை நடு இலைக்குத் தள்ளிவிடும். டிரோசீராக்களில் இவ்வளவு வேகம் அபூர்வம். இண்டிகா அப்படி அவசரப்படாது. அதன் நீள இலையில் கொசு எங்கே ஒட்டினாலும் பக்கத்து மயிர்கள் ஆற அமரச் சாயும். நேரம் போகப் போக இலையே இரையைச் சுற்றி வளையும். காத்திருந்து பார்க்கிற பொறுமை இருந்தால் இதைவிட நல்ல பாடம் இல்லை. எறும்பைப் பிடித்து வந்து போடாதீர்கள். தானாக வரும், நம் ஊரில் எறும்புக்கா பஞ்சம்.

மழைத்துளி விழுந்தால் இலை ஏன் மூடுவதில்லை என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். நல்ல கேள்வி, சார்லஸ் டார்வினும் கேட்டது. பூச்சி தின்னும் செடிகளைப் பற்றி 1875-ல் அவர் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அதில் பெரும்பகுதி இங்கிலாந்தின் ரொட்டுண்டிஃபோலியா என்ற டிரோசீராவைப் பற்றியது. ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான தலைமுடித் துணுக்கை வைத்தபோது சுரப்பி மயிர் வளைந்தது. ஆனால் மேலேயிருந்து நீர்த்துளி விழுந்து அடித்தபோது அசையவில்லை. மழை நாட்டுச் செடிக்கு அந்தப் பாகுபாடு தெரியாவிட்டால் நாள் முழுக்க வீணாக மூடித் திறந்துகொண்டிருக்க வேண்டியதுதான். இரை தின்பதால் செடிக்கு உண்மையில் லாபமா என்ற சந்தேகத்தை அவர் மகன் ஃபிரான்சிஸ் 1878-ல் தீர்த்தார்: ஒரு பாத்திச் செடிக்கு இறைச்சித் துணுக்கு, பக்கத்துப் பாத்திக்குப் பட்டினி. தின்ற செடிகள் அதிக விதை கொடுத்தன. ஒரு தட்டும் சல்லடைத் துணியும் இருந்தால் பள்ளிக்கூடத்திலேயே செய்யக்கூடிய சோதனை இது, வளர்ப்புச் செடியை வைத்து.

வளர்ப்புச் செடி என்றதும் அடுத்த குழப்பத்துக்கு வரவேண்டும். தொட்டியில் வைத்து இணையத்தில் விற்கிற டிரோசீராக்களில் பெரும்பாலானவை நம் நாட்டுச் செடிகள் அல்ல. நீள இலைக் கேப்பென்சிஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. வட்டமாகப் படுக்கும் ஸ்பேட்டுலேட்டா கிழக்காசியா, ஆஸ்திரேலியாப் பக்கத்துச் செடி. இந்த ஸ்பேட்டுலேட்டாவைப் பர்மானி என்று வாங்கி ஏமாந்தவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். சுலபமான வழி மறுபடியும் சூலகத்தண்டுதான். ஸ்பேட்டுலேட்டாவுக்கு மூன்று, ஒவ்வொன்றும் ஆழமாகப் பிளந்தது. பர்மானிக்குப் பிளவுபடாத ஐந்து. ஸ்பேட்டுலேட்டாவின் பூ பெரும்பாலும் ரோஸ். விதையை அனுப்புகிறவர் போட்ட பெயரை நம்பாமல் பூக்கும் வரை காத்திருங்கள். அதற்கு முன் அந்தப் பெயரை வைத்து வகுப்பில் பாடம் எடுக்க வேண்டாம்.

செயலி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. படத்தைக் காட்டினால் பெயர் சொல்கிற செயலி கெட்டதல்ல, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தான் அதிகம் பார்த்த படங்களை வைத்துத்தான் பேசும். குளிர்நாட்டுச் சதுப்பில் எடுத்த படங்கள் ஏராளமாக இருப்பதால், நம் செம்மண்ணில் எடுத்த பர்மானிக் கன்றுக்கு ரொட்டுண்டிஃபோலியா என்று துணிந்து பெயர் வைத்துவிடும். ரொட்டுண்டிஃபோலியா பனி விழும் வடதேசத்துச் செடி. செயலிக்குத் திருச்சுழி வெயில் தெரியாது, உங்களுக்குத் தெரியுமே.

பர்மானி என்ற பெயரைப் பார்த்துவிட்டு அது பர்மாவிலிருந்து வந்த செடி என்று எழுதியிருந்த ஒரு குறிப்பையும் படித்தேன். இல்லை. 1737-ல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்ட யோஹான்னஸ் பர்மன் என்ற டச்சுக்காரரின் பெயரை, 1794-ல் டென்மார்க்கின் தாவரவியலாளர் வால் இந்தச் செடிக்குச் சூட்டினார். இண்டிகா அதற்கும் முந்தியது. 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர்.

முந்திய பெயர் என்பதால் தொல்லை இல்லாத பெயர் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை ஊசியிலை வைத்த எதைக் கண்டாலும் இண்டிகா என்றே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எழுதி வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் உற்றுப் பார்த்தபோது அந்த ஒரு பெயருக்குள் பல செடிகள் ஒளிந்திருந்தது தெரிந்தது. ஒன்றில் இலையடியில் மஞ்சள் நிறத்தில் லென்சு மாதிரி மின்னும் மயிர்கள். அதை 2001-ல் ஹார்ட்மெயரோரம் என்று பிரித்தார்கள். செர்பென்ஸ், ஃபின்லேசோனியானா என்று பிறகு வரிசையாகப் பிரிந்தன. ஆலன் லோரி என்ற ஆய்வாளர் இந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியைப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். அவர்கள் பிரித்தது எதை வைத்து? இலைக்காம்பின் அமைப்பு, மயிர்களின் வடிவம், மகரந்தத்தாள், விதையின் மேல் உள்ள வலைப்பின்னல். இவற்றில் ஒன்றுகூட மேலிருந்து எடுத்த மினுமினுப்புப் படத்தில் வராது. நம் பக்கத்து இண்டிகாவிலும் பூ வெள்ளையா ரோஸா, விதை எப்படி என்று ஊர் ஊராகக் குறித்து வைக்கிறவர்கள் வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன். ஆய்வேட்டுக்குத் தலைப்பு இல்லை என்று அலைகிறீர்களே.

பழைய பதிவுகளைப் பார்க்க விரும்பினால் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்டுங்கள். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது, இன்றும் அடையாளம் காண அதன் திறவுகோல் கைகொடுக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில், மேத்யூ பாதிரியார் பல ஆண்டு அலைந்து சேர்த்த சமவெளித் தாவரத் தொகுப்பு இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். உலர்த்திய டிரோசீராவில் மினுமினுப்பு எல்லாம் போய், தாளில் கறை மட்டும் ஏறியிருக்கும். அதையும் வைத்து எப்படிப் பெயர் சொல்கிறார்கள் என்று அங்கே கற்றுக்கொள்ளலாம்.

இனி, கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டிய விஷயம். நாட்டு மருந்தில் டிரோசீராவுக்கு அழுகண்ணி என்று பெயர். அதே பெயரைச் சிலர் உவர்மண்ணில் வளரும் கிரெஸ்ஸா கிரெட்டிகாவுக்கும் சொல்கிறார்கள். அதன் இலையிலும் துளி நிற்கும், ஆனால் அது உப்புநீர். சுரப்பி மயிரும் இல்லை, பூச்சியும் பிடிக்காது. காய்ந்த கண்மாய்ப் படுகையில் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டியாக இருக்கும் செடி அது. கரிசல் உவரில் எடுத்து "அழுகண்ணி" என்று நீங்கள் அனுப்புவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அழுகண்ணியோடு சேர்த்துச் சொல்கிற தொழுகண்ணி இன்னொரு குடும்பம். பக்கச் சிற்றிலைகள் தாமாக அசையும் ஒரு பயறு வகைச் செடி. இந்த இரண்டையும் வசியத்துக்கு என்று மலையடிவாரங்களில் கூவி விற்கிறார்கள். வாங்குகிறவனுக்கும் செடி தெரியாது, விற்கிறவனுக்கும் பல சமயம் தெரியாது. ஆனால் உண்மையான இடம் ஒன்று வெளியே தெரிந்துவிட்டால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரிவு மொட்டையாகிவிடும். ஓராண்டுச் செடி அது. பூக்கும் முன் பிடுங்கினால் அடுத்த வருடத்து விதையையும் சேர்த்துப் பிடுங்கியதாகும்.

ஆகவே செடியைக் கண்டால் ஊர்ப்பெயரையும் வரைபடப் புள்ளியையும் போட்டுப் பொதுவில் பதிவிடாதீர்கள். உங்கள் நோட்டில் எழுதுங்கள், ஆசிரியரிடம் கொடுங்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள். கிராவல் அள்ள இயந்திரம் நிற்கிற சரிவாக இருந்தால் அன்றே சொல்லுங்கள். அந்த இடத்துப் படம்தான் அவசரம். ஹெர்பேரியத்துக்கு என்று ஒரு செடி எடுக்க வேண்டுமானால், கூட்டம் பெரிதாக இருக்கும் இடத்தில், காய் பழுத்ததைப் பார்த்து, ஒன்றே ஒன்று. பத்து இருபது செடிதான் இருக்கிறதென்றால் அந்த ஒன்றும் வேண்டாம், படம் போதும். வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்து குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற யோசனையை விட்டுவிடுங்கள். நம் ஊர்த் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் அதைச் சீக்கிரமே கொன்றுவிடும்.

இந்த முறை படம் அனுப்பும்போது மினுமினுப்பு ஒன்றிருந்தால் போதும். மற்றபடி செடி முழுவதும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒன்று, பக்கத்தில் ஒரு அளவுகோலோ காசோ வைத்து. இலையடியை லென்சு வழியாக ஒன்று. பூவை நேர் எதிரே வைத்துச் சூலகத்தண்டு எண்ணும்படி ஒன்று. காய் வெடித்திருந்தால் அது. செடி நிற்கும் மண்ணைக் கைப்பிடியளவு காட்டி ஒன்று. மண் படத்தை யாரும் அனுப்புவதில்லை, அதை மறக்காதீர்கள். தேதி, நேரம், கரிசலா செம்மண்ணா சரளையா, ஈரம் இருக்கிறதா, பக்கத்தில் வேறு என்ன செடி என்று இரண்டு வரி. அந்தப் படங்களோடு வந்தால் அன்று இரவே பதில் எழுதுகிறேன். மேலே இருந்து எடுத்த ஒற்றைப் படம் மட்டும் வந்தால், "திரும்பப் போய் இலையடியைப் பார்" என்றுதான் எழுதுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தை பிறந்ததும் செம்புறாங்கல் மேட்டுப் பக்கம் ஒரு நாள் போகலாம் என்று இருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் கைலென்சு கொண்டு வாருங்கள். இரண்டு பேருக்கு ஒன்று இருந்தால் போதும். காலை ஏழு மணிக்கு முன் அங்கே இருக்க வேண்டும், பூ நமக்காகக் காத்திருக்காது. பழைய சட்டை போட்டு வாருங்கள், படுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்